பின்னட்டைக்காரரின் பதினேழாம் எண்

அவரை முதலில் பார்த்தபோது கண்ணில் பட்டவை இரண்டு கைகள் மட்டும்தான். மீதி ஆள் புத்தகக் கட்டுக்குப் பின்னால் இருந்தார். நாளிதழின் ஞாயிறு இணைப்புக்கென்று ஒதுக்கிய எங்கள் அறையில், கோடை விடுமுறைக்கு முந்தைய மாதம் கால் வைக்க இடம் இருக்காது. விடுமுறையில் படிக்க வேண்டிய நாற்பது புதுப் புத்தகங்கள் என்று ஒரு பட்டியல் போடுவது இணைப்பின் பல வருட வழக்கம். அந்த நாற்பதில் ஒன்றாகிவிட வேண்டுமென்று பதிப்பகங்கள் முந்நூறு புத்தகங்களைக் கொண்டுவந்து கொட்டும். நாவல், துப்பறியும் கதை, பேய்க்கதை, வரலாறு, சமையல், சிறுவர் கதை, கவிதை என்று வகைக்கு ஒரு குவியல். பேய்கள் ஜன்னலோரம், கவிஞர்கள் கழிப்பறைக் கதவை ஒட்டி.

"எங்க வைக்கட்டும் மேடம்?" என்று கட்டுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"என் தலைமேல வைங்க. அங்கதான் இன்னும் எடம் இருக்கு" என்றார் பட்டியலுக்குப் பொறுப்பான அம்மாள். ஒரு புத்தகத்துக்கு நாலு வரிதான், ஐந்தாவது வரி எழுதியவன் தலை தப்பாது என்பது அவருடைய சட்டம். அதனால் அவருக்கு நாலுவரி மேடம் என்று பெயர்.

கட்டு இறங்கியது. பின்னால் நாற்பதைத் தாண்டிய ஒரு மனிதர் வெளிப்பட்டார். பையில் மூன்று பேனா, மூக்கு நுனியில் கண்ணாடி, சட்டை முழுக்கத் தூசி.

"முந்நூறையும் எப்ப மேடம் படிச்சு முடிப்பீங்க?"

"யாரு படிக்கிறா? திருப்பிப் போட்டுப் பின்னட்டையப் பாப்போம். பிடிச்சா எடுப்போம்."

"அப்படின்னா நீங்க என் எழுத்தத்தான் படிக்கிறீங்க" என்று சிரித்தார் அவர். "இந்தக் கட்டுல இருக்கற முப்பத்தி ரெண்டுக்கும் பின்னட்டை நான்தான்."

அன்று முதல் எங்களுக்கு அவர் பின்னட்டைக்காரர். இங்கே எழுதியிருப்பதில் பாதி அவர் வாயால் வந்தது. மீதி, கிளை நூலகத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் சொன்னது.

பின்னட்டைக்காரர் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். அதற்கு முன்னால் அந்த வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களை எண்ண ஒரு கை விரல்கள் கூட வேண்டாம். ஆனால் வீட்டின் படிப்பாளி அவர் இல்லை, அக்காதான். அக்கா எட்டாவதோடு நின்றவள். தம்பி பரீட்சைக்குப் படித்தான். அக்கா சும்மா படித்தாள். பொட்டலம் மடித்து வந்த காகிதத்தைக் கூடப் பிரித்து, எண்ணெய்க் கறையைத் துடைத்து, பாதியில் அறுந்துபோன செய்திக்கு மீதியைத் தானே யோசித்து வைத்துக்கொள்கிற ஜாதி. தம்பி நகரத்துக்கு வேலைக்குப் போனபோது அவளும் கூடப் போனாள். தம்பிக்குச் சமைக்க என்று அனுப்பினார்கள். அவளோ தெருமுனையில் நூலகம் இருக்கிறது என்று கேட்டுத்தான் கிளம்பினாள்.

தம்பி சேர்ந்த பதிப்பகம் என்றால் இரண்டு அறை. ஒன்றில் முதலாளி, இன்னொன்றில் மற்ற எல்லாம். அச்சுப்பிழை திருத்தி மெய்ப்புப் பார்க்கச் சேர்ந்தவரிடம், ஆறாவது மாதம் முதலாளி ஒரு புத்தகத்தைத் தள்ளி, "இதுக்குப் பின்னாடி ஏதாவது எழுது. படிக்கிறவன் பர்ஸத் தொறக்கணும்" என்றார். எழுதினார். பர்ஸ் திறந்தது. அப்புறம் இருபத்திரண்டு வருடம் அதே வேலை.

வேலைக்கென்று அவரே சில விதிகளைச் செய்துகொண்டார். முதல் இருபது பக்கம் படிக்க வேண்டும், இருபத்தொன்றாவது பக்கத்தைத் தொடக்கூடாது. முடிவு தெரிந்தால் கை தானாக உளறிவிடும். பேய்க்கதைக்கு 'தனியாகப் படிக்காதீர்கள்'. துப்பறியும் கதைக்கு ஒரு கேள்விக்குறி, இரண்டு ஆச்சரியக்குறி. கவிதைக்கு 'ஈரம்'. சமையலுக்கு 'உங்கள் வீட்டு அடுப்படியே மாறிவிடும்'. சிரிப்புக் கதை என்றால் 'குடும்பத்தோடு'. எழுத்தாளர்கள் வந்து அழுவார்கள். நான் எழுதியதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். "உங்க புத்தகத்த வாங்கினவன் வீட்டுக்குப் போய்த்தான் படிப்பான் சார். என்னோடத கடையிலயே நின்னு படிக்கிறான். யாரு பெரியவன்?" என்று கேட்பார் இவர். முதலாளி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கல்யாணம் ஆயிற்று. மனைவி வந்தாள், அக்காவும் இருந்தாள். அக்காவுக்கு வந்த வரன்கள் தட்டிப்போய்க்கொண்டே இருந்து, ஒரு கட்டத்தில் எல்லோரும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். அக்கா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பட்டன் சரிபார்க்கும் வேலைக்குப் போனாள். ஒவ்வொரு சட்டையிலும் ஒவ்வொரு பட்டனையும் இழுத்துப் பார்க்க வேண்டும். வருகிறதா இல்லையா. அவ்வளவுதான் வேலை. விரல் நுனிகள் காய்த்துப்போயின. சம்பளத்தைத் தம்பி மனைவியிடம் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலகத்துக்குப் போவாள். கோடையில் மட்டும் அவளுக்கு ஒரு தனி வேலை உண்டு. பட்டியல் வந்த அன்று அதைக் கத்தரித்து எடுப்பாள். நூலகத்தில் நாற்பது கோரிக்கைச் சீட்டு எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு புத்தகமாக வரவழைத்துப் படிப்பாள். படித்ததைப் பென்சிலால் 'டிக்' அடிப்பாள். கத்தரித்த பட்டியல்களைத் தன் தகரப் பெட்டியில் அடியில் வைத்துக்கொள்வாள்.

அந்தப் பெட்டியைத்தான் ஒரு நாள் நடு வீட்டில் கவிழ்த்தார்கள்.

மனைவியின் கழுத்துச் சங்கிலியைக் காணவில்லை. மூன்று சவரன். ஒருமுறை அறுந்து நடுவில் ஒரு கண்ணி பற்றவைத்தது. குளிக்கப் போகும்போது கழற்றி வைத்தாளாம். எங்கே வைத்தாள் என்பது இரண்டு நாளாகியும் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. யார் எடுத்தது என்பது மட்டும் ஒரே மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

"வீட்ல இருக்கறது மூணு பேரு. நான் எடுக்கல. நீங்க எடுக்கல" என்று விரல் விட்டாள் மனைவி. மூன்றாவது விரலை மடக்கவில்லை. அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள்.

பெட்டியிலிருந்து நாலு புடவை விழுந்தது. ஒரு சீப்பு விழுந்தது. கட்டை பென்சில்கள் உருண்டு ஓடின. பதினோரு வருடப் பட்டியல்கள் தரையில் பரவின. சங்கிலி இல்லை. இல்லாதது இன்னும் மோசமாகிவிட்டது. "வித்தாச்சு போலிருக்கு" என்றாள் மனைவி.

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பதுபோல அவள் முகம் இருந்தது. அவன் சொன்னான்.

"எடுத்திருந்தா பரவால்லக்கா. சொல்லிடு. வீட்டுக்குள்ளயே முடிச்சுக்கலாம்."

அவள் குனிந்து முதலில் பட்டியல்களைப் பொறுக்கி அடுக்கினாள். வருட வாரியாக அடுக்கினாள். அப்புறம் புடவை. பெட்டியைப் பூட்டிக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். "போறத பாரு, திமிர" என்றாள் மனைவி, கீழே கேட்கும்படி.

எட்டு மாதம் கழித்துத் தையல் மெஷினை ரிப்பேருக்குக் கொடுக்க நகர்த்தினார்கள். இழுப்பறைக்குப் பின்னால், பழைய ஊசிப் பொட்டலத்தோடு சங்கிலி கிடந்தது. மனைவி அதை எடுத்து, தண்ணீரில் அலசி, கழுத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இப்பப் போய்ச் சொன்னா நம்ம மூஞ்சிய எங்கங்க வெச்சுக்கறது? போனவங்க ஏதோ ஒரு எடத்துல நல்லாத்தான் இருக்காங்க. கெளப்பாதீங்க."

அவர் கிளப்பவில்லை. தொழிற்சாலை வாசல் வரை இரண்டு தடவை போனார். இரண்டு தடவையும் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டார். ஒரு கடிதம் எழுதினார். 'அன்புள்ள அக்கா' வரை நன்றாக வந்தது. வருடக்கணக்கில் அடுத்தவர் புத்தகத்துக்கு வாய் ஓயாமல் எழுதியவருக்கு அதற்கு மேல் ஓடவில்லை.

அக்கா எங்கே இருக்கிறாள் என்பது போக, என்ன செய்கிறாள் என்பதும் அவருக்கு வருடம் தவறாமல் தெரிந்துகொண்டிருந்தது. எங்கள் அறையில்தான். கோடை முடிந்ததும் பட்டியலைப் பற்றி வாசகர்கள் எழுதுவார்கள். ஒரு வருடம் நாலுவரி மேடம் அவரிடம் ஒரு அஞ்சலட்டையை நீட்டி, "உங்க பின்னட்டைங்களத் திட்டறதுக்குன்னே ஒரு அம்மா இருக்காங்க, பாருங்க" என்றார். 'நாற்பதில் முப்பத்தாறு படித்தேன். பதினோராம் எண்ணில் பின்னட்டை சொல்கிற கொலை கடைசி வரை நடக்கவில்லை. எழுதியவர் இருபது பக்கம்தான் படித்திருப்பார்' என்று அதில் இருந்தது. கீழே 'ஒரு வாசகி, கிளை நூலகம்'. அந்தக் கையெழுத்தை அவர் தன் பள்ளிக்கூடச் சிலேட்டிலேயே பார்த்திருக்கிறார். அப்புறம் ஒவ்வொரு வருடமும் புத்தகக் கட்டு கொடுக்க வந்தாரோ இல்லையோ, அந்த அஞ்சலட்டையைப் பார்க்க வந்துவிடுவார். 'நாற்பதில் முப்பத்தெட்டு. ஆறாம் எண்ணுக்கு ஈரம் என்று போட்டிருக்கிறது. பிழிந்து பார்த்தேன், வரவில்லை.' படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் துடைப்பார். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்படுகிற மனுஷனை நாங்கள் பார்த்ததில்லை.

அதிலிருந்துதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அக்காவிடம் நேரில் போக முடியாது. கடிதம் வராது. ஆனால் கோடைப் பட்டியலில் ஒரு புத்தகம் இடம்பிடித்தால், அது அவள் கைக்குப் போயே தீரும். சீட்டு எழுதி, வரவழைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பாள். ஊரில் அவளைப் போல முழுசாகப் படிக்கிற ஆள் வேறு யாரும் இல்லை.

மூன்று வருடம் எழுதினார். அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளையில், மெய்ப்புத் தாள்களின் மறுபக்கத்தில். நூற்று எண்பது பக்க நாவல். ஒரு வீடு, ஒரு தம்பி, தம்பி மனைவி, ஒரு அக்கா. சங்கிலி தொலைகிறது, அக்காவைத் துரத்துகிறார்கள். முதல் பகுதி முழுக்க, அன்றைக்கு அந்த வீடு என்ன நம்பியதோ அதையே நம்பிக்கொண்டு எழுதினார். அக்காதான் எடுத்தாள் என்று படிக்கிறவனும் நம்ப வேண்டும், அப்புறம் வெட்கப்பட வேண்டும் என்று கணக்கு. நூற்று அறுபத்து மூன்றாம் பக்கத்தில் சங்கிலி கிடைக்கிறது. அங்கிருந்து தம்பி உடைகிறான்.

மனைவியிடம் நாவல் என்று மட்டும் சொன்னார். "நீங்க எழுதினதுன்னா பின்னாடி நாலு வரிதானே, அது எனக்குத் தெரியாதா" என்று அவள் அதோடு விட்டுவிட்டாள்.

முதலாளி அச்சுக்கு ஒத்துக்கொண்டார். சண்டை வந்தது பின்னட்டைக்குத்தான்.

"என்னய்யா இது, பின்னாடி வெள்ளையா இருக்கு? மை தீந்துபோச்சா?"

"அப்படியே இருக்கட்டும் சார்."

"ஊருக்கெல்லாம் எழுதற. உன் புத்தகத்துக்கு எழுத வலிக்குதா?"

"அந்த எடத்துல இத்தன வருஷம் பொய்யா எழுதித் தள்ளியாச்சு சார். இது ஒண்ணுலயாவது சும்மா இருக்கட்டும். படிக்கிறவங்க தொறந்து பாக்கட்டும்."

"எவன்யா தொறந்து பாக்கறான்?" என்றார் முதலாளி. ஆனாலும் விட்டுவிட்டார். இருபத்திரண்டு வருட வேலைக்காரன் ஒரு ஆசை சொல்கிறான், போகட்டும் என்று நினைத்திருப்பார்.

புத்தகம் எங்கள் அறைக்கு வந்தது. அன்று கட்டை அவரே சுமந்து வந்தார். தன் புத்தகத்தை மட்டும் தனியாகச் சட்டைக்குள் வைத்திருந்து, எடுத்து மேசைமேல் வைத்தார். "மேடம், இது மட்டும் பட்டியல்ல வரணும். எந்த எண்ணுல வேணாலும் போடுங்க. நாப்பதாவதா போட்டாலும் சரி." அவர் எதையும் கேட்டுப் பழகாத ஆள் என்பது முகத்தில் தெரிந்தது. நாலுவரி மேடத்துக்கே மனசு இளகிவிட்டது. "வெச்சுட்டுப் போங்க. போட்டுடலாம்" என்றார்.

பட்டியல் முடிக்க நாலு நாள் இருந்தது. நாற்பது புத்தகத்துக்கும் நாலு வரி எடுத்தாக வேண்டும். பின்னட்டையைத் திருப்பினோம், எடுத்தோம், சுருக்கினோம். அவருடையதைத் திருப்பினால் வெள்ளை. அதைத் திறந்து படிக்க அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நேரம் இல்லை. இதை மறைக்க ஒன்றுமில்லை, அப்படித்தான் நடந்தது. மேடம் பதிப்பகத்துக்குப் போன் செய்தார். அன்று பின்னட்டைக்காரர் அச்சகத்துக்குப் போயிருந்தார். எடுத்தவர் முதலாளி.

"பதினேழாம் எண் உங்க ஆளுக்குக் குடுத்திருக்கோம். நாலு வரி வேணும். ஒரு மணி நேரத்துல."

முதலாளிக்கு உற்சாகம் பொங்கியது. பயலுக்குத் தெரியாமல் நாமே எழுதிக் கொடுத்து ஞாயிற்றுக்கிழமை அசத்திவிடலாம் என்று நினைத்தார். புத்தகத்தை எடுத்தார். தன் ஆளின் விதிப்படி சரியாக இருபது பக்கம் படித்தார். மூடினார். அந்த ஆளின் சொற்களையே பொறுக்கி எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பேப்பர் வந்தது. வாசலிலேயே நின்று பிரித்தார் பின்னட்டைக்காரர். பதினேழு. தன் பெயர் அச்சில் இருந்தது. கீழே நாலு வரி.

'ஒண்ட வந்த அக்காவுக்குக் கை நீளம்! தம்பி மனைவியின் சங்கிலி மாயமாகும் வீட்டில் நடக்கும் கலகலப்பான களேபரம். கூடவே இருந்து குழி பறித்த திருடியை எப்படி மடக்குகிறார்கள்? குடும்பத்தோடு படித்துச் சிரிக்கலாம்!'

அவர் அதை மூன்று தடவை படித்தார். ஒவ்வொரு சொல்லும் அவருடையது. 'களேபரம்' போன வருடம் ஒரு சிரிப்புக் கதைக்குப் போட்டது. 'குடும்பத்தோடு' எத்தனை தடவை போட்டாரோ கணக்கில்லை.

மனைவி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். படித்தாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"நல்லாத்தானே போட்டிருக்காங்க. நான்கூட ஏதோ எழுதிக் கிழிச்சிருப்பீங்கன்னு பயந்துட்டேன். நம்ம பக்கத்து நியாயத்த இப்பவாவது எழுதினீங்களே."

கழுத்தில் சங்கிலி ஆடியது.

முதலாளிக்குப் போன் செய்தார். "என்னய்யா, எப்படி? நானே எழுதினேன்! உன்ன மாதிரியே இருக்கா இல்லையா?" என்று அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. இவர் போனை வைத்துவிட்டார். நூலகம் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குத் திறக்கும். வேலைநாளில் அவளுக்கு நேரம் கிடையாது. இன்றைக்குத்தான் வருவாள். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் காலில் இரண்டு செருப்பும் வேறு வேறு என்று பார்த்தார்.

அவர் போனபோது ஒன்பதரை. நூலகத்தில் வாசிப்பு மேசை நீளமாக இருந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே அக்கா உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருடத்தில் முடி முக்கால்வாசி வெளுத்திருந்தது. முன்னால் கத்தரித்த பட்டியல், பக்கத்தில் கோரிக்கைச் சீட்டுக் கட்டு. ஒவ்வொன்றாக எழுதி, வலது பக்கம் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

அவள் நிமிரவில்லை. "நிழல் விழுது. தள்ளி நில்லு."

தள்ளி நின்றார். அவள் அந்தச் சீட்டை எழுதி முடித்து அடுக்கினாள். இருபத்து இரண்டு.

"அந்தப் பதினேழு... அது நான் எழுதினது இல்லக்கா."

"பேரு உன்னுதுதானே?"

"புத்தகம் என்னுது. அந்த நாலு வரி முதலாளி எழுதினாரு."

"நல்லா எழுதியிருக்காரு. உன்னவிடத் தெளிவா இருக்கு."

"அப்படி இல்லக்கா. கதை அது இல்ல. முழுசாப் படிச்சாத் தெரியும். நூத்தி அறுபத்து மூணாம் பக்கத்துல சங்கிலி கெடச்சிடுது. அக்கா எடுக்கலன்னு தெரிஞ்சு தம்பி அழறான்."

"ஓ. கெடச்சிடுச்சா?"

"கெடச்சிடுச்சுக்கா" என்றார். "தையல் மெஷினுக்குப் பின்னாடி. நெஜமாவே. நீ போன எட்டாம் மாசம்."

அக்கா பென்சிலை வைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். முதல் தடவையாக அவரைப் பார்த்தாள்.

"எனக்கு ஒன்பதாம் மாசமே தெரியும்டா."

"எப்படிக்கா?" என்றார்.

"துணிக்கடை வாசல்ல உன் பொண்டாட்டியப் பாத்தேன். கழுத்துல கெடந்துச்சு. நடுவுல பத்த வெச்ச கண்ணி. அதப் பத்த வெக்கக் கொண்டுட்டுப் போனதே நான்தானே, எனக்குத் தெரியாதா? சரி, இன்னிக்கி வந்து சொல்லுவான், நாளைக்கி வந்து சொல்லுவான்னு பத்து வருஷம் பாத்துட்டேன். ரெண்டு தடவ வாசல் வரைக்கும் வந்த. டீ குடிச்சுட்டுப் போயிட்ட. மாடி ஜன்னல்லேருந்து தெரியும்." அவள் குரல் ஏறவே இல்லை. பட்டன் இழுத்துப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். "சங்கிலி கெடச்சிடுச்சு. ரெண்டு வார்த்த. அதச் சொல்ல உனக்கு நூத்தி அறுபத்து மூணு பக்கம் வேண்டியிருக்கு."

"மன்னிச்சிடுக்கா" என்றார் கொஞ்சம் சத்தமாக.

நூலக மேசைக்காரர், "இது நூலகம் சார். பேசணும்னா வெளிய போங்க" என்றார்.

"இதோ போயிடுவாரு" என்றாள் அக்கா. பிறகு, ஏதோ சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்: "ஆமா, அந்தப் புத்தகத்துல அக்கா என்ன ஆறா?"

அவர் மேசைமேல் இருந்த பட்டியலைப் பார்த்தார்.

"சொல்லு. நான்தான் படிக்கப் போறதில்லையே."

"செத்துப் போயிடறாக்கா."

"எப்ப? சங்கிலி கெடைக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சீட்டுகள் பறக்காமலிருக்க அவள் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"முன்னாடி" என்றார்.

"சௌகரியம்" என்றாள் அக்கா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்த சீட்டை எடுத்தாள்.

அவர் இன்னும் சிறிது நேரம் நின்றார். அவள் முப்பத்தொன்பது சீட்டையும் மேசையில் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டும்போது அவர் காலைப் பார்த்தாள்.

புத்தகம் விற்றது. அதுதான் கொடுமை. சிரிக்கலாம் என்று நம்பி வாங்கினவர்கள், சிரிப்பே வரவில்லை என்று முதலாளிக்கு எழுதினார்கள். நூற்று அறுபதாவது பக்கத்துக்கு மேல் ஏதோ ஒப்பாரியாக இருக்கிறது என்று ஒருவர். திருடியைப் பிடித்ததோடு நிறுத்தியிருக்கலாம் என்று இன்னொருவர். ஆனால் காசைத் திருப்பிக் கேட்க யாரும் வரவில்லை. மூன்று மாதத்தில் இரண்டாம் அச்சு போட வேண்டி வந்தது.

"பாத்தியா? பின்னட்டைய வெள்ளையா விட்டிருந்தா இந்நேரம் கரையான் தின்னிருக்கும்" என்றார் முதலாளி. "இந்தத் தடவ அந்த நாலு வரியப் பின்னாடி போடறோம். வாயத் தொறக்காத."

அவர் வாயைத் திறக்கவில்லை. மாதம் பிறந்தால் வாடகை, மனைவி, இன்னும் ஏழெட்டு வருட உத்தியோகம். அட்டையின் மெய்ப்பு அவர் மேசைக்கே வந்தது. இருபத்திரண்டு வருடமாக அது அவர் மேசைக்குத்தான் வரும். 'கை நீளம்' என்ற இடத்தில் ஒரு எழுத்து மங்கியிருந்தது. அதைச் சுழித்துக் குறித்தார். மற்றபடி பிழை இல்லை என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

கோடை முடிந்து எங்கள் அறைக்கு அஞ்சலட்டை வந்தது. நாலுவரி மேடம் படித்துவிட்டு, என்ன ஏது என்று தெரியாமலே, வழக்கம்போல வாசகர் பகுதியில் சேர்த்தார். 'நாற்பதில் முப்பத்தொன்பது படித்தேன். இருபத்தெட்டாம் எண் பேய்க்கதையில் பேய் நன்றாக இருக்கிறது. மனிதர்கள் சரியில்லை. பதினேழாம் எண்ணைப் படிக்கவில்லை. பின்னட்டையே போதும்.' அந்த வருடம் அதைப் பார்க்க அவர் வரவில்லை. அச்சில் பார்த்திருப்பார்.

இப்போதும் அவர் அதே பதிப்பகத்தில் அதே மேசையில் இருக்கிறார். பின்னட்டை எழுதுகிறார், முதல் இருபது பக்கம் படித்து. மனைவி சங்கிலியை அழித்துப் புது மாதிரியில் வளையல் செய்துகொண்டுவிட்டாள். அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தொழிற்சாலைக்குப் பின்தெருவில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நூலகத்துக்கு வருகிறாள். பதினேழாம் எண் புத்தகம் இரண்டாம் அச்சில் அங்கே நாவல் அடுக்கில் இருக்கிறது. பதினான்கு பேர் எடுத்துப் போயிருக்கிறார்கள். அந்தப் பதினான்கில் அக்கா இல்லை.